ஆர்லாண்டோவில் ஹாரி பாட்டர் மந்திர வேட்டை: பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு

ஹாரி பாட்டர் புத்தகங்களில் மூழ்கிய பிள்ளை வீட்டில் இருந்தால் ஆர்லாண்டோவின் யூனிவர்சல் தீம் பார்க்குகளுக்குப் பயணம் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். அங்கே போனபின் பெரும்பாலும் நடப்பது இதுதான். பெரிய ரைடுகளின் வாசலில் உயரம் அளப்பார்கள். கிரிங்காட்ஸ் ரைடுக்கு 42 அங்குலம், அதாவது 107 செ.மீ. ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குள் இருக்கும் ரைடுக்கும் ஹாக்ரிட்டின் மோட்டார் சைக்கிள் கோஸ்டருக்கும் 48 அங்குலம், 122 செ.மீ. ஆறு வயதுப் பிள்ளை அங்கேயே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும். கொடுத்த காசு கண்முன் கரையும்.

உயரமே தேவைப்படாத விளையாட்டு ஒன்று அதே பார்க்கில் இருக்கிறது. மந்திரக்கோல் ஒன்றும் வரைபடம் ஒன்றும் வாங்கிக்கொண்டு, தெருத்தெருவாகத் தேடிப்போய், கடை ஜன்னல்களுக்கு முன்னால் மந்திரம் போடும் வேட்டை. புத்தகம் படித்த பிள்ளைகளுக்கு ரைடுகளைவிட இதுதான் மனதில் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் டிக்கெட், கோல், நேரம் மூன்றிலும் காசை விழுங்கும் குழிகள் உண்டு. நாங்கள் திணறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் டிக்கெட்: எந்தப் பார்க், எத்தனை பார்க்

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். ‘ஹாரி பாட்டர் பார்க்’ என்று தனியாக ஒன்று கிடையாது. யூனிவர்சல் ஆர்லாண்டோவில் ஹாக்ஸ்மீட் கிராமமும் கோட்டையும் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பார்க்கில் இருக்கின்றன. மந்திரவாதிகளின் கடைத்தெருவான டயகன் ஆலி பக்கத்துப் பார்க்கான யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. வரைபடத்தின் ஒரு பக்கம் ஹாக்ஸ்மீட், மறுபக்கம் டயகன் ஆலி. ஒரு பார்க்குக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் பாதி வரைபடம் வீண்.

இரண்டுக்கும் சேர்த்துப் போக ‘பார்க்-டு-பார்க்’ டிக்கெட் வேண்டும். இரண்டு பார்க்குக்கும் நடுவே ஓடும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறவும் இதே டிக்கெட்தான். ஸ்டேஷன் வாசலில் ஸ்கேன் செய்வார்கள். ஒற்றை பார்க் டிக்கெட்டோடு வந்தால் அங்கேயே மேல்தொகை கட்டி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போது பிள்ளையின் பொறுமை போய்விடும்.

விலை தேதிக்குத் தேதி மாறும். ஒரு நாள், ஒரு பார்க் என்றாலே பெரியவருக்கு 100 டாலருக்கு மேல். பார்க்-டு-பார்க் என்றால் அதற்கு மேல் 50, 60 டாலர். 3 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 3 முதல் 9 வயது வரை சிறுவர் கட்டணம், ஆனால் வித்தியாசம் சில டாலர்தான்; அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் கணக்கு. நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாள் பார்க்-டு-பார்க் ஏறக்குறைய 800 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் மிகுந்த நாட்களில் அதற்கும் மேலே போகும். இரண்டு நாள், மூன்று நாள் டிக்கெட் எடுத்தால் நாளொன்றுக்கான விலை நன்றாக இறங்கும். சின்னப் பிள்ளைகள் என்றால் ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் ஓட்டுவதைவிட இரண்டு நாளாகப் பிரிப்பது கால்களுக்கும் நல்லது.

2025 மே மாதம் எபிக் யூனிவர்ஸ் என்று மூன்றாவது பார்க் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். அதிலும் ஹாரி பாட்டர் பகுதி உண்டு, அங்கேயும் கோல் வேலை செய்யும். ஆனால் அது சில மைல் தள்ளி இருக்கிறது, ரயில் அங்கே போகாது. தவிர, அது 1920களின் பாரிஸ். பிள்ளை படித்த ஏழு புத்தகங்களில் வரும் தெரு இல்லை. முதல் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் பற்றிக் கேட்பீர்கள். அது ரைடு வரிசைக்கு மட்டும்தான். கடை ஜன்னல் முன்னால் மந்திரம் போட நிற்கும் வரிசையில் அது செல்லாது. வேட்டைக்காக மட்டும் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

2. தேதியைப் பார்த்துப் போடுங்கள்

ஃப்ளோரிடாவில் பள்ளிகள் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தை ஒட்டித் திறந்துவிடும். நியூ ஜெர்சி போன்ற வட மாநிலங்களில் பல பள்ளிகள் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் திறக்கும். அந்த இடைவெளியில், ஆகஸ்ட் கடைசியில், கூட்டம் குறையும். வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடி மழையும் வரும், அது வேறு விஷயம். ஜனவரி இரண்டாம் பாதியும் பரவாயில்லை. கிறிஸ்துமஸ் வாரம், தேங்க்ஸ்கிவிங், மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக் மூன்றையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு பொறி: ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை பல இரவுகளில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பக்கத்தில் ஹாலோவீன் பேய் நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 5 மணிக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். டயகன் ஆலி இருப்பது அந்தப் பார்க்கில். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தெருவைப் பார்க்கலாம் என்று சாயங்காலத்துக்கு ஒத்திவைத்தவர்கள் ஏமாந்து நிற்பார்கள். டிக்கெட் எடுக்குமுன் அன்றைய மூடும் நேரத்தை பார்க்கின் காலண்டரில் பாருங்கள், இரண்டு பார்க்குக்கும் தனித்தனியாக.

3. கையில் இருக்க வேண்டியவை

இந்தியாவிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவர்களுடைய பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கட்டும்; அவர்களுக்கு இங்கே வேறு போட்டோ அடையாளம் இருக்காது. அமெரிக்காவில் வசிக்கும் உங்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் போதும். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்து அங்கே மெஷினில் அச்சிட்டுக்கொள்வதாக இருந்தால், பணம் கட்டிய அதே கார்டைக் கொண்டு போங்கள். ஃப்ளோரிடாவாசிகளுக்கான தள்ளுபடி டிக்கெட்டை நண்பர் மூலம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். வாசலில் ஃப்ளோரிடா முகவரிச் சான்று கேட்பார்கள்.

பல நாள் டிக்கெட் ஒருவர் பெயரில் ஒட்டிக்கொண்டுவிடும், கைமாற்ற முடியாது. ‘இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று வரும் எந்த டிக்கெட்டையும் தொடாதீர்கள். பார்க்கின் சொந்தத் தளத்திலோ, அவர்களே அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் எடுங்கள்.

யூனிவர்சலின் சொந்த ஹோட்டலில் தங்கினால் கொஞ்சம் முன்னதாக உள்ளே விடுவார்கள். எந்தப் பார்க்கை முன்னதாகத் திறக்கிறார்கள் என்பது மாறும், முன்தினம் கேட்டு வையுங்கள். காரில் வருபவர்களுக்கு பார்க்கிங் 30 டாலருக்கு மேல்.

4. மந்திரக்கோல் வாங்குதல்

எல்லாக் கோலும் வேலை செய்யாது. ‘இன்டராக்டிவ்’ என்று பெட்டியில் போட்டிருப்பதுதான் வேண்டும். அதன் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் சின்ன மணி மாதிரி ஒன்று பதிந்திருக்கும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் அது. ஜன்னலுக்குள் ஒளிந்திருக்கும் அகச்சிவப்புக் கேமரா அந்தப் புள்ளியின் அசைவைத்தான் பின்தொடர்கிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் அலங்காரக் கோல்களில் அந்த நுனி இருக்காது. எத்தனை அழகாக வீசினாலும் ஜன்னல் சும்மா இருக்கும்.

பழைய வகைக் கோல் 60, 70 டாலர் அளவில். அதில் பேட்டரி கிடையாது, கெட்டுப்போக எதுவும் இல்லை. எபிக் யூனிவர்ஸோடு வந்த புதிய வகையில் விளக்கு எரியும், கையில் அதிரும். 85 டாலரை ஒட்டி விலை. ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் வரி இருக்காது. 6.5 சதவீதம் சேரும்போது 85 டாலர் கோல் 90ஐத் தாண்டும். பழைய வகை கிடைத்தால் அதுவே போதும். உறவுக்காரர் வீட்டில் யாராவது முன்பு வாங்கி அலமாரியில் போட்டிருந்தால் இரவல் கேளுங்கள், பல வருடம் ஆனாலும் வேலை செய்யும். கலிஃபோர்னியா யூனிவர்சலில் வாங்கியதாக இருந்தாலும் சரி.

இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கோலா? ஒன்றே போதும் என்பது என் கட்சி. எப்படியும் ஒரு ஜன்னல் முன்னால் ஒருவர்தான் நிற்க முடியும். ஒருவர் மந்திரம் போட, மற்றவர் வரைபடத்தைப் பிடித்து அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். அடுத்த ஜன்னலில் மாற்றிக்கொள்ளட்டும். சண்டை வரும்தான். இரண்டு கோல் வாங்கினாலும் வரும்.

ஆலிவாண்டர்ஸ் என்ற மந்திரக்கோல் கடையில் ‘கோல் மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்கும்’ சிறு நாடகம் ஒன்று நடக்கும். பார்க்க இலவசம், சில நிமிடம்தான். கூட்டத்திலிருந்து ஒருவரை, பெரும்பாலும் ஒரு பிள்ளையை, அழைத்துக் கோல் கொடுத்து அசைக்கச் சொல்வார்கள். அலமாரி ஆடும், விளக்கு மின்னும், பிள்ளைக்குத் தலைகால் புரியாது. முடிந்ததும் அந்தக் கோலோடு நேராகக் கடைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். அது பரிசு இல்லை, விலைக்குத்தான். உள்ளே போகுமுன் இதைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அழைக்கப்படாத பிள்ளையின் முகம் வாடும், அதற்கும் தயாராக இருங்கள். ஹாக்ஸ்மீட் ஆலிவாண்டர்ஸ் சின்ன இடம், வரிசை நீளும். டயகன் ஆலியில் அறைகள் அதிகம் என்பதால் வேகமாக நகரும். நாடகம் பார்ப்பதானால் அங்கே பாருங்கள்.

கோலை வாங்கியதும் பெட்டியைத் திறந்து வரைபடம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு வாங்குங்கள். வரைபடத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, கூட்டம் நிற்கும் நாலைந்து ஜன்னல்களில் மட்டும் கோலை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். வேட்டையே அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

5. மந்திரம் போடும் முறை

இரண்டு பார்க்கிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள். தரையில் வட்டமான வெண்கல நிறத் தகடு பதித்திருப்பார்கள். அதில் மந்திரத்தின் பெயரும், கோலை எப்படி அசைக்க வேண்டும் என்ற கோடும் இருக்கும். அதன்மேல் நின்று, எதிரே உள்ள ஜன்னலையோ பொருளையோ நோக்கிக் கோலை அசைக்க வேண்டும்.

பிள்ளைகள் எல்லாரும் செய்வது ஒன்று: முழங்கையோடு சேர்த்துக் கையை வாள் மாதிரி வீசுவது. கேமராவுக்கு அது புரியாது. முதலில் கோலை நீட்டி ஒரு நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். பிறகு மணிக்கட்டை மட்டும் திருப்பி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் அந்த வடிவத்தை நிதானமாக வரைய வேண்டும். முடிந்த இடத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். முக்கோணம் என்றால் முக்கோணமாக மூட வேண்டும். பெரியவர்கள் பின்னாலிருந்து பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினால் இரண்டு பேரின் அசைவும் கலந்து கெட்டுவிடும். சொல்லிக்கொடுங்கள், பிடிக்காதீர்கள்.

மூன்று தடவை முயன்றும் நடக்கவில்லை என்றால் அரை அடி முன்னே பின்னே நகர்ந்து பாருங்கள். குள்ளமான பிள்ளையின் கோல் கேமராவின் பார்வைக்குக் கீழேயே இருந்துவிடும், அப்போது கையை உயர்த்தச் சொல்லுங்கள். உச்சி வெயில் நேராக அடிக்கும் ஜன்னல்களில் நடுப்பகலில் சரியாக எடுபடாது, காலையிலோ மாலையிலோ திரும்பி வரலாம். பக்கத்தில் அங்கி போட்ட ஊழியர் நிற்பார். கூச்சப்படாமல் கேளுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர் வேலை. எந்த ஜன்னலிலும் நடக்கவில்லை என்றால் கோலையே ஆலிவாண்டர்ஸில் காட்டிச் சோதிக்கச் சொல்லலாம்.

தொடங்குவதற்கு நல்ல இடம் டயகன் ஆலியில் உள்ள ஸ்க்ரிபுலஸ் என்ற எழுதுபொருள் கடை ஜன்னல். ‘விங்கார்டியம் லெவியோசா’ போட்டால் உள்ளே இறகு மேலே எழும்பும். முதல் புத்தகத்தில் வகுப்பறையில் ஹெர்மயனி இறகைத் தூக்கிக் காட்டும் இடத்தைப் படித்த பிள்ளை, அந்த இறகு ஆடி ஆடி மேலே போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். அதற்கப்புறம் பிள்ளையை நீங்கள் பிடித்து நிறுத்த முடியாது.

சில இடங்களில் மந்திரம் பலித்தால் தண்ணீர் பீய்ச்சும். எதிரே நிற்பவர் நனைவார், சில சமயம் போட்டவரே நனைவார். போனைப் பையில் போட்டுவிட்டு நில்லுங்கள்.

டயகன் ஆலியிலிருந்து பிரியும் நாக்டர்ன் ஆலியை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. தெருவின் ஓரத்தில் இருட்டான சந்து போல ஒரு வாசல். உள்ளே கூரை உண்டு, ஏசி உண்டு. மதிய வெயிலுக்கு அடைக்கலமே அதுதான். அங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது: புற ஊதா விளக்கு. அதன் கீழே வரைபடத்தை விரித்துப் பிடித்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாத அடையாளங்கள் தெரியும். தரையில் தகடு இல்லாத ரகசிய இடங்கள் அவை. இதைப் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லாதீர்கள். ‘மேப்பை இங்கே ஒரு தடவை விரித்துப் பார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். எலும்புக்கூடும் மண்டையோடுகளும் உள்ள இடம் என்பதால் நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயப்படலாம்.

6. நாளை ஓட்டும் முறை

காலையில் எல்லாரும் ரைடுகளுக்கு ஓடுவார்கள். அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் ஜன்னல்கள் காலியாக இருக்கும். கோல் வேட்டையை அப்போது வையுங்கள். பகல் 11 மணிக்கு மேல் ஒவ்வொரு தகட்டிலும் ஐந்தாறு பேர் நிற்பார்கள்.

டயகன் ஆலியில் தொடங்கி, மதியம் ரயிலேறி ஹாக்ஸ்மீட் போவது எனக்குப் பிடித்த வரிசை. டயகன் ஆலிப் பக்கம் லண்டன் ஸ்டேஷன் மாதிரிக் கட்டியிருப்பதில்தான் புத்தகத்தில் வரும் ஒன்பதேமுக்கால் நடைமேடைச் சுவர் இருக்கிறது. உங்கள் முன்னால் போகிறவர்கள் சுவருக்குள் புகுந்து மறைவது தெரியும். நீங்கள் போகும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வரிசையில் கொஞ்சம் இடைவெளி விட்டு, முன்னே போகிற குடும்பத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ரயில் ஜன்னலில் தெரியும் காட்சிகள் போகும்போது ஒன்று, வரும்போது வேறு. முடிந்தால் இரண்டு திசையிலும் ஏறுங்கள்.

ரைடுக்கு உயரம் உள்ள பிள்ளை ஒன்று, இல்லாத பிள்ளை ஒன்று என்றால் ‘சைல்டு ஸ்வாப்’ கேளுங்கள். ஒரு பெரியவர் ரைடு போய்வரும் வரை மற்றவர் சின்னதோடு உள்ளறையில் காத்திருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். பெரிய ரைடுகளில் கோலைக் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் இருக்கும் லாக்கர் அந்த ரைடு நேரத்துக்கு இலவசம்.

7. கோல் இல்லாமலும் ஒரு வேட்டை

90 டாலர் மனதுக்கு ஒப்பவில்லையா, சரி. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். கீழே உள்ளவை எல்லாம் டிக்கெட்டோடு இலவசம். பயணத்துக்கு முந்தைய வாரம் அந்தந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, துப்பாக எழுதிக் கொடுங்கள். இதைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன்.

முதல் துப்பு டயகன் ஆலியின் வாசலே. வெளியே லண்டன் தெருபோலக் கட்டடங்கள்தான் இருக்கும், பெயர்ப்பலகை கிடையாது. செங்கல் சுவர் இடைவெளியைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். (முதல் புத்தகம், 5ஆம் அத்தியாயம்.)

அதே லண்டன் முகப்பில் 12ஆம் எண் கிரிமால்டு பிளேஸ் வீடு. மேல்மாடி ஜன்னல் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றால் வீட்டு எல்ஃப் கிரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். (ஐந்தாம் புத்தகம், 4ஆம் அத்தியாயம்.)

சிவப்பு டெலிபோன் பூத்துக்குள் போய் 62442 என்று அழுத்தினால் மந்திர அமைச்சகத்திலிருந்து குரல் கேட்கும். எண்ணைச் சொல்லிவிடாதீர்கள், ஐந்தாம் புத்தகத்தின் 7ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஊதா நிற நைட் பஸ். அதன் கண்டக்டரும், தொங்கும் சுருங்கிய தலையும் பிள்ளைகளோடு வாயாடுவார்கள். (மூன்றாம் புத்தகம், 3ஆம் அத்தியாயம்.) ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பிள்ளைக்கு ஒரு கேள்வியை முன்பே தயார்செய்து கொடுங்கள்.

உள்ளே போனால் பணம் மாற்றும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கோப்ளின் கேள்விக்குப் பதில் சொல்லும், கொஞ்சம் கடுகடுப்பாக. மேடம் மால்கின் துணிக்கடையில் கண்ணாடி பேசும், உங்கள் உடையைப் பற்றிக் கருத்தும் சொல்லும். மிருகக் கடை ஜன்னலில் உள்ள மலைப்பாம்பு பாம்பு மொழியான பார்சல்டங் பேசும். ஹாக்ஸ்மீட் போனதும் கழிப்பறைக்குள் காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், அழும் குரல் யாருடையது என்று இரண்டாம் புத்தகம் படித்த பிள்ளை சொல்லிவிடும்.

8. சாப்பாடு, தண்ணீர், மழை

நொறுக்குத்தீனி, குழந்தை உணவு, தண்ணீர் பாட்டில் உள்ளே விடுவார்கள். கண்ணாடி பாட்டிலும் கெட்டியான ஐஸ் பெட்டியும் கூடாது. முறுக்குக்குத் தடையில்லை, புளியோதரைப் பொட்டலம் நொறுக்குத்தீனியில் சேருமா என்பது பையைச் சோதிப்பவரின் மனநிலையைப் பொறுத்தது.

கதையில் வரும் பானமான பட்டர்பியரில் மது கிடையாது, தைரியமாகக் கொடுக்கலாம். நல்ல இனிப்பு, ஒன்று வாங்கி இருவர் குடித்தால் சரியாக இருக்கும். ‘கில்லிவாட்டர்’ என்று காசுக்கு விற்பது வெறும் பாட்டில் தண்ணீர். சாப்பாட்டுக் கவுண்டரில் சாதாரண ஐஸ் தண்ணீர் கேட்டால் ஒரு கப்பில் சும்மாவே தருவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். சீஸும் ரொட்டியுமாகத் தெரியும் தட்டில் ஸ்காட்ச் எக் இருக்கும். அது முட்டையைச் சுற்றி இறைச்சி பொதிந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

கோடையில் மதியத்துக்குமேல் இடி மின்னல் அநேகமாக உண்டு. வெளியே ஓடும் ரைடுகளை அப்போது நிறுத்திவிடுவார்கள், எல்லாரும் கூரை தேடி ஓடுவார்கள். வரைபடம் காகிதம் என்பதால் ஒரு ஜிப் பை கொண்டு போங்கள். மழைக்கோட்டை வால்மார்ட்டில் முன்பே வாங்கிவிடுங்கள், உள்ளே வாங்கினால் பல மடங்கு. மழை விட்டதும் அரைமணி நேரம் தெரு காலியாக இருக்கும். காலையில் கூட்டத்தால் விட்டுப்போன ஜன்னல்களுக்கு அப்போது திரும்பிப் போங்கள்.